புல்லில் காயப்போட்ட துணி: உகாண்டா ரிக் வேலையில் தோலுக்குள் புகுந்தவை

2017 ஏப்ரல் மாதம், உகாண்டாவின் கிழக்கே புகிரி மாவட்டத்தில் நாங்கள் தங்கியிருந்த வீட்டின் முற்றத்தில், ஒரு சனிக்கிழமை காலை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இடுப்பில், பெல்ட் படும் இடத்துக்குச் சற்றுக் கீழே, ஐந்தாறு நாள்களாக ஒரு கட்டி இருந்தது. பகலில் அரிப்பும், இரவில் ஊசியால் குத்துவதுபோல் சுருக்கென்ற வலியும் வந்து போகும். எண்ணெய் வழிந்து அந்தக் கட்டியின் நடுவிலிருந்த ஊசிமுனை அளவுத் துளையை மூடியது. சில நிமிடங்களில் அந்தத் துளையிலிருந்து மிகச் சிறிய குமிழிகள் எழுந்தன. பிறகு வெள்ளையாக ஏதோ ஒன்று துளையின் வாய்வரை வந்து, அசைந்து, உள்ளே இழுத்துக்கொண்டது. மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். மறுபடியும் வந்தது, மறுபடியும் உள்ளே போனது. என் உடம்பில் உயிருள்ள ஒன்று குடியிருக்கிறது என்பதை நான் அறிந்துகொண்டது அப்படித்தான்.

நான் நாமக்கல் மாவட்டத்துக்காரன். திருச்செங்கோட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் ரிக் வண்டியோடு தொடர்பில்லாத குடும்பத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வட மாநிலங்களில் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்ட எங்கள் வண்டிகள் பிறகு கப்பலேறி ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போயின. வண்டிகளோடு டிரில்லர்களும் ஹெல்பர்களும் போனார்கள். அந்த ஆண்டு நான் ரிக் மேனேஜராகப் போனேன். என்னோடு ஆறு பேர். கிராமங்களில் கைப்பம்புக்குக் கிணறு போடுவது வேலை. அங்கே யு-2 என்ற பெயரில் பொருத்தப்படும் பம்பு, 1970களில் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் சோதித்துப் பார்த்து உருவான நம் இந்தியா மார்க் 2 பம்பின் வடிவம்தான். முதல் நாள் அதைப் பார்த்தபோது சொந்த ஊர் மனிதர் ஒருவரைச் சந்தித்தது போலிருந்தது.

புறப்படுவதற்கு முன்னால் எங்களுக்குச் சொல்லப்பட்ட எச்சரிக்கைகள் எல்லாமே காய்ச்சலைப் பற்றியவை. கிண்டி கிங் நிலையத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டு சான்று அட்டையை வாங்கிக்கொண்டோம். பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது அதைப் போட்டிருக்க வேண்டும் என்பதால் அந்தத் தேதியை யாரும் மறக்கவில்லை. மலேரியா மாத்திரை, கொசுவலை, காய்ச்சிய தண்ணீர் ஆகியவற்றைப் பற்றி எங்களை அனுப்பிய நிறுவனத்தார் இரண்டு முறை சொன்னார்கள். துணியை எங்கே காயப்போட வேண்டும், காலில் என்ன போட்டுக்கொண்டு நடக்க வேண்டும் என்பதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவர்களுக்கும் தெரிந்திருக்காது என்றே நம்புகிறேன். ஆனால் அந்த ஒரு வார்த்தை கிடைத்திருந்தால் ஏழு பேரில் ஐந்து பேர் பட்ட துன்பம் நேர்ந்திருக்காது. இதை எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

அப்போது மழைக்காலம். சிவந்த மண் சேறாகிக் கிடக்கும். துளை போடும்போது காற்றழுத்தத்தில் மேலே பீறிடும் சகதியும் கம்ப்ரஸர் எண்ணெயும் சேர்ந்து படிந்த உடைகளை மாலையில் துவைப்போம். வீட்டில் இருந்த கொடி இரண்டு பேர் துணிக்குத்தான் போதும். மீதியை மாமரத்து நிழலில் புல்தரையின்மேல் விரித்துவிடுவோம், சிலவற்றை வேலிச்செடிமேல் போடுவோம். நம்மூரில் கல்லின்மேலும் வரப்பின்மேலும் துணி உலர்த்திப் பழகியவர்களுக்கு அதில் தவறு எதுவும் தெரியாது. பாதி ஈரமாக எடுத்து மறுநாள் அப்படியே போட்டுக்கொள்வோம். வெளிச்சட்டையை இஸ்திரி போடாமல் போகிறவர்கள் உள்ளாடைக்கா இஸ்திரி போடப் போகிறார்கள்?

அந்தப் புல்தரையில்தான் விஷயம் இருந்தது. அங்கே ஆங்கிலம் பேசுகிறவர்கள் மேங்கோ ஃப்ளை என்று சொல்லும் ஓர் ஈ உண்டு. மருத்துவப் புத்தகங்கள் அதை டும்பு ஈ என்கின்றன. சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் அது காணப்படுகிறது. மஞ்சளும் பழுப்பும் கலந்த, வீட்டு ஈயைவிடப் பெரிய ஈ. அது மனிதரைத் தேடி வந்து கடிப்பதில்லை. சிறுநீரோ மலமோ பட்ட நிழல் மண்ணிலும், நிழலில் உலரும் ஈரத் துணியிலும் நூற்றுக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடுகிறது. ஒன்றிரண்டு நாளில் பொரிந்து வரும் புழு கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவினது; உணவே இல்லாமல் ஒரு வாரத்துக்கும் மேல் துணியிலேயே காத்திருக்கக் கூடியது. அந்தத் துணியை நாம் உடுத்தியதும் உடம்பின் சூட்டை உணர்ந்து, காயமே இல்லாத நல்ல தோலைத் துளைத்து உள்ளே போய்விடுகிறது. துளைக்கும்போது பெரும்பாலும் வலி தெரிவதில்லை. எட்டிலிருந்து பன்னிரண்டு நாள்களுக்குள் அது வளர்ந்து, தானே வெளியே வந்து மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகிவிடும். துளை அது மூச்சுவிடும் வாசல். கட்டிகள் எல்லாருக்கும் இடுப்பைச் சுற்றியும் தொடையிலும் பிட்டத்திலுமே வந்ததற்குக் காரணம், துணி அழுந்திப் படியும் இடங்கள் அவை என்பதுதான். இவை எதுவும் அன்று எங்களுக்குத் தெரியாது.

நாங்கள் அதை வேனல் கட்டி என்று முடிவு செய்தோம். காலையிலிருந்து மாலைவரை வண்டியின் சூட்டில் நிற்கிறோம், தண்ணீர் குறைவாகக் குடிக்கிறோம், உடம்பு சூடாகிவிட்டது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பற்றுப் போட்டோம். டிரில்லர் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த ஆன்டிபயாடிக் மாத்திரைகளை ஆளுக்கு மூன்று நாள் என்று பங்கிட்டுக்கொண்டோம். அந்த மாத்திரையால் புழுவுக்கு எதுவும் ஆகாது, உடம்பில் இல்லாத நோய்க்கு மருந்து தின்றோம் என்பதே மிச்சம். டிரில்லரின் தொடையில் இருந்த கட்டி பழுத்துவிட்டதாக எண்ணி, இன்னொருவர் இரண்டு கட்டைவிரலாலும் பலம்கொண்ட மட்டும் அழுத்திப் பிதுக்கினார். தண்ணீரும் சிறிது இரத்தமும் வந்தன, புழு வரவில்லை. உள்ளேயே நசுங்கியிருக்க வேண்டும். மூன்றாம் நாள் அந்த இடம் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வந்தது. ஐந்து பேரில் உண்மையாகவே ஆன்டிபயாடிக் தேவைப்பட்டவர் அவர் ஒருவர்தான், அதுவும் அந்தப் பிதுக்கலுக்குப் பிறகு.

எண்ணெய்க் குளியலன்று நான் கண்டதை வீட்டில் சமையலுக்கு வந்துகொண்டிருந்த பெண்மணியிடம் காட்டினேன். நாங்கள் அவரை அக்கா என்று கூப்பிடக் கூப்பிட, அந்தத் தெருவில் மற்றவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அவர் கட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. புல்தரையைத் திரும்பிப் பார்த்தார், அங்கே கிடந்த என் லுங்கியைக் காட்டி, "அதை அங்கே போட்டது யார்?" என்று கேட்டார். பிறகு கடைக்கு ஆள் அனுப்பி ஒரு டப்பா வாசலின் வாங்கிவரச் செய்தார்.

அவர் செய்த முறையை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தேவைப்படும் நாளில் யாராவது ஒருவருக்கு இது உதவும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வாசலினைத் துளையின்மேல் தடிமனாக, காற்றே புகாதபடி அப்பினார். கால் மணி நேரத்துக்கும் மேலாக அப்படியே விடச் சொன்னார். அதற்கு முன் தொட்டால் புழு ஆழத்துக்குப் போய்விடும் என்றார். மூச்சு முட்டிய புழு வால்பக்கத்தை மேலே நீட்டத் தொடங்கியதும், கட்டியின் இரண்டு பக்கத்திலும் சற்றுத் தள்ளி விரல்களை வைத்து, மேலிருந்து அழுத்தாமல், தோலை அடியிலிருந்து தூக்குவதுபோல் மெல்ல நெருக்கினார். புழு முழுதாக வழுக்கிக்கொண்டு வந்து துணியில் விழுந்தது. நன்றாக வெந்த சோற்றுப் பருக்கையைவிடச் சற்றுப் பெரியது, ஒரு சென்டிமீட்டர் இருக்கும். பால் நிறம், உடம்பைச் சுற்றி வரிவரியாகக் கறுத்த நுண்முட்கள். வலி அந்தக் கணத்திலேயே போய்விட்டது. என் உடம்பிலிருந்து நான்கும், மற்ற நால்வரிடமிருந்து ஐந்தும் அன்று எடுக்கப்பட்டன. காயத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, கிருமிநாசினி பூசி மூடிவிட்டோம். ஒரு வாரத்தில் ஆறியது. கத்தி தேவைப்படவில்லை. தென் அமெரிக்காவிலும் நடு அமெரிக்காவிலும் உள்ள பாட் ஈ என்ற இன்னொரு வகையின் புழு முட்களால் தோலைப் பற்றிக்கொண்டு வாரக்கணக்கில் இருப்பது; அதை எடுக்கச் சிலசமயம் மருத்துவர் சிறிதளவு கீற வேண்டியிருக்கும். எந்தக் கண்டத்தில் தொற்றியது என்பதைப் பொறுத்து எடுக்கும் முறை மாறுகிறது என்பதை நான் பிறகு தெரிந்துகொண்டேன்.

அன்று இரவு யாரும் அதைப் பற்றி வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. உடம்பில் புழு வைத்துவிட்டது என்று பெற்றவளிடமும் மனைவியிடமும் சொல்ல நா எழவில்லை. நம் பேச்சில் அது நோயின் பெயர் மட்டுமன்று, சாபத்தின் சொல்லும்கூட. புழுத்துப் போவாய் என்பதைவிடக் கொடிய வசவு எங்கள் பக்கத்தில் இல்லை. மாட்டின் புண்ணில் புழு வைத்தால் கற்பூரத்தைப் பொடித்து வேப்பெண்ணெயில் குழைத்துப் போடுவதைச் சிறுவயதிலிருந்து பார்த்தவர்கள் நாங்கள். கவனிப்பாரற்று அழுகிய புண்ணில்தான் புழு வரும் என்பது மனத்தில் பதிந்துபோனது. இந்த ஈயின் கதை வேறு. தினமும் குளிக்கிறவன், தினமும் துவைக்கிறவன், புண்ணே இல்லாதவன் உடம்பிலும் அது புகுகிறது. சொல்லப்போனால் துவைத்துக் காயப்போட்டதால்தான் எங்களுக்கு வந்தது. வெட்கப்பட இதில் எதுவும் இல்லை என்பதை நான் அன்றே எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டதன் விலையை இன்னொருவன் கொடுத்தான்.

தடுக்கும் வழி இஸ்திரிதான். இகங்கா சந்தையில் கரி போட்டுச் சூடாக்கும் இஸ்திரிப் பெட்டி ஒன்று வாங்கினோம். மின்சாரம் போய்ப் போய் வரும் இடத்தில் அதுதான் நம்பகமானது. அக்கா கற்றுக்கொடுத்தபடி எல்லாத் துணியையும் முதலில் உள்பக்கமாகத் திருப்பி, பிறகு வெளிப்பக்கமாக, இரண்டு முறை தேய்ப்போம். இடுப்புப் பட்டி, எலாஸ்டிக், தையல் மடிப்பு, பாக்கெட்டின் அடி ஆகிய இடங்களில் பெட்டியை நிறுத்தி அழுத்த வேண்டும், ஏனென்றால் முட்டை தங்குவது அங்கேதான். உள்ளாடை, பனியன், சாக்ஸ், துண்டு, படுக்கை விரிப்பு, தலையணை உறை எதுவும் விலக்கன்று. தேய்ப்பது நடக்காத வாரங்களில் துணியை வீட்டுக்குள்ளேயே, வலையடித்த ஜன்னல் உள்ள அறையில் கயிறு கட்டி உலர்த்தினோம். வெளியே உலர்த்தித்தான் ஆக வேண்டுமென்றால் நல்ல வெயிலில், தரையிலிருந்து உயரமாக, முழுக்க உலரும்வரை. அதன் பிறகும் தேய்த்த பின்பே உடுத்த வேண்டும்.

இப்போது என் மனத்தை அதிகம் உறுத்தும் பகுதிக்கு வருகிறேன். எங்கள் குழுவில் இருபத்திரண்டு வயது ஹெல்பர் ஒருவன் இருந்தான். வண்டி வேறு ஊருக்குப் போய் நிற்கும் நாள்களில் டீசல் திருடுபோகாமல் இருக்க யாராவது ஒருவர் அங்கேயே படுக்க வேண்டும். அந்த முறை பெரும்பாலும் அவனுக்குத்தான் விழும். மண்தரை போட்ட ஒரு குடிசையில் படுப்பான். பக்கத்திலேயே பன்றிக் கொட்டில். வேலை நேரத்தில் பூட்ஸ் போடுவான், மற்ற நேரத்தில் ரப்பர் செருப்பு, சிலசமயம் வெறுங்கால். மே மாத நடுவில் அவன் குதிகாலை ஊன்றாமல் நடப்பதைக் கவனித்தேன். கேட்டதற்குக் கால் ஆணி என்றான். நானும் விட்டுவிட்டேன். ஒரு வாரம் கழித்து ராடு தூக்கும்போது அவன் முகம் சுளித்ததைப் பார்த்துப் பூட்ஸைக் கழற்றச் சொன்னேன்.

வலது காலின் பெருவிரல் நகத்தைச் சுற்றியும், சுண்டுவிரலின் அடியிலும், குதிகாலின் விளிம்பிலும் பட்டாணி அளவில் வெள்ளை வெள்ளையாக எழும்பியிருந்தது. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கரும்புள்ளி. பெருவிரல் சிவந்து வீங்கிச் சீழ் கோத்திருந்தது. பிளேடாலும் ஊக்காலும் அவனே தோண்டியிருக்கிறான். அந்த ஊக்கு பக்கத்துக் குடிசைப் பையன்கள் தங்கள் கால்களைத் தோண்டிக்கொண்டது.

"முன்னாடியே ஏன்டா சொல்லலே?" என்று கேட்டேன்.

"சொன்னா ஊருக்கு அனுப்பிருவீங்கன்னு பயந்துட்டனுங்கண்ணா. விசாவுக்கு வாங்குன கடன் அப்படியே இருக்குதுங்க" என்றான்.

அவன் அப்படி நினைக்கும்படி நான் நடந்திருக்கிறேன் என்பதை அப்போது உணர்ந்தேன். காய்ச்சலில் படுத்த ஒருவருக்கு இரண்டு நாள் கூலியைப் பிடித்தது நான்தான். நோயைச் சொன்னால் நட்டம் என்று குழுவுக்குக் கற்றுக்கொடுத்தவன் நோயை மறைத்துவிட்டார்கள் என்று கோபப்பட உரிமையற்றவன்.

அது மணல் தெள்ளு. சுவாஹிலி மொழியில் ஃபுன்ஸா, லுகாண்டாவில் என்வுன்ஸா, ஆங்கிலத்தில் ஜிகர். நாய்த் தெள்ளின் இனம்தான், ஆனால் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. உயரமாகத் தாவவும் முடியாது, அதனால்தான் பாதத்தோடு நின்றுவிடுகிறது. பெண் தெள்ளு தலையை முன்னால் விட்டுத் தோலுக்குள் புகுந்து, பின்பகுதியை மட்டும் வெளிக்காற்றில் நீட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சியபடி அங்கேயே தங்கிவிடும். அந்தப் பின்பகுதிதான் நாங்கள் பார்த்த கரும்புள்ளி. மூச்சும் முட்டையிடுவதும் அதன் வழியாகவே. இரண்டு வாரத்துக்குள் முட்டைகளால் நிறைந்து பட்டாணி அளவுக்கு வீங்கி, நூறு முட்டைகளுக்கு மேல் வெளியே தள்ளிவிட்டு, நான்கிலிருந்து ஆறு வாரத்தில் உள்ளேயே செத்துப்போகிறது. தரையில் விழுந்த முட்டைகள் உலர்ந்த பொடிமண்ணில் மூன்று நான்கு வாரத்தில் அடுத்த தலைமுறையாகின்றன. பன்றி, நாய், பூனை, ஆடு, மாடு, எலி எல்லாவற்றின் காலிலும் அது வளரும். புகிரிப் பக்கத்தில் பன்றிதான் முக்கிய உறைவிடம் என்று அங்கே செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எங்கள் பையன் படுத்திருந்த இடத்தை நினைத்துப் பார்த்தால் வேறு விளக்கம் தேவையில்லை.

அரசு சுகாதார மையத்துக்கு அழைத்துப் போனேன். செவிலியர் காலை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, புதிதாகப் பிரித்த ஊசியின் முனையால் கரும்புள்ளியைச் சுற்றித் தோலை விலக்கி, பை கிழியாமல் ஒவ்வொன்றாக முழுதாக எடுத்தார். பதினொன்று. எடுத்த இடம் ஒவ்வொன்றும் மிளகு புதைத்து எடுத்தது போன்ற குழியாக இருந்தது. கிருமிநாசினி போட்டுக் கட்டி, டி.டி. ஊசி போட்டு, சீழ் பிடித்த விரலுக்கு மாத்திரை கொடுத்தார். டி.டி. ஊசியை அவர் வற்புறுத்தியதற்குக் காரணம் உண்டு: மண்ணோடு புழங்கும் இந்தக் காயங்கள் வழியாக ரண ஜன்னி வருவது அங்கே அறியப்பட்ட ஆபத்து. பொது ஊக்கினால் தோண்டியது அதைவிடக் கவலை தருவதாக இருந்தது. மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் ஊசிமுனை வழியாகப் பரவக் கூடியவை என்பதால் இரத்தப் பரிசோதனை செய்தார்கள்; மூன்று மாதம் கழித்து மறுபடியும் செய்தோம். இரண்டு முறையும் எதுவும் இல்லை. அந்த மூன்று மாதம் அவன் சரியாகத் தூங்கவில்லை.

மையத்தின் திண்ணையில் காத்திருந்த குழந்தைகளின் கால்களை அன்று பார்த்தேன். நகங்கள் இல்லாத விரல்கள். குதிகால் முழுதும் தேன்கூடு போலத் துளைகள். பாதத்தின் ஓரத்தை மட்டும் ஊன்றி நடந்து வந்த ஆறு வயதுச் சிறுமி. எங்கள் பையனுக்குப் பதினொன்று. அந்தச் சிறுமிக்கு எண்ணவே முடியவில்லை. பள்ளிக்கூடம் போக முடியாமல் நின்றுபோன பிள்ளைகள் உண்டு என்று செவிலியர் சொன்னார். இந்தத் தெள்ளு ஆப்பிரிக்க மண்ணுக்கே வந்தேறியது. தென் அமெரிக்காவுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் உரிய இது, 1872இல் பிரேசிலிலிருந்து அங்கோலாவின் அம்ப்ரிஸ் துறைக்கு வந்த தாமஸ் மிட்செல் என்ற கப்பலின் மணற்சுமையோடு வந்து இறங்கியது. அங்கிருந்து வணிகர்கள், சுமைகூலிகள், படைகள் ஆகியோரின் கால்களோடு நடந்து, முப்பது ஆண்டுகளுக்குள் கண்டத்தைக் குறுக்கே கடந்து கிழக்குக் கடற்கரையைத் தொட்டுவிட்டது. வேலைக்காக ஊர்விட்டு ஊர் போனவர்களின் கால்களே அதற்கு வாகனம். உலக சுகாதார நிறுவனம் 2017இல்தான் சொறி முதலிய புறவொட்டுண்ணி நோய்களைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. இதுவும் அந்த வகையில் அடங்குகிறது.

இப்போது ஊசியில்லாத வழியும் இருக்கிறது. டைமெத்திகோன் என்ற மெல்லிய சிலிகான் எண்ணெயைக் கரும்புள்ளியின்மேல் விட்டால், அது மூச்சுத் துளைக்குள் ஊறித் தெள்ளை அடக்கிவிடுகிறது. பலகாலமாகப் பயன்படும் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலில் கால் ஊறவைப்பதோடு இதைக் கென்யக் குழந்தைகளிடம் ஒப்பிட்டபோது, ஏழு நாளில் எண்ணெய் போட்ட தெள்ளுகளில் ஏறத்தாழ 78 சதவீதமும் கரைசலில் 39 சதவீதமும் செயலிழந்தன. மண்ணெண்ணெய், பேட்டரி அமிலம், வண்டியின் டீசல் ஆகியவற்றை ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்; தோல் வெந்துபோவதைத் தவிர வேறு பயன் இல்லை.

ஜூலை மாதம் விடுமுறையில் ஊருக்கு வந்தேன். கடைசி நாள் அவசரத்தில் துவைத்த துணிகளைத் தேய்க்காமலே பெட்டியில் அடைத்திருந்தேன். எல்லாம் தெரிந்த பிறகும் செய்த தவறு அது. வீட்டுக்கு வந்து எட்டாம் நாள் முதுகின் கீழ்ப்பகுதியில் கட்டி எழும்பியது. வெட்கம் அப்போதும் விடவில்லை. மருத்துவரிடம் உகாண்டா என்ற சொல்லையே நான் சொல்லவில்லை. அவர் சாதாரணக் கட்டி என்று முடிவு செய்து, இரண்டு நாள் மாத்திரை, குறையாவிட்டால் கீறிவிடலாம் என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாமக்கல்லில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் ஆப்பிரிக்க ஈயை நினைக்க வேண்டுமென்றால், அதற்கான சொல் என் வாயிலிருந்து வந்திருக்க வேண்டும். மாலையில் மனைவி அந்தக் கட்டியைப் பார்த்துவிட்டு, "இதென்னங்க, உள்ளே என்னமோ நெளியுது" என்று பதறியபோதுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாசலின் வைத்து அவளே எடுத்தாள். எடுத்ததை ஸ்பிரிட் ஊற்றிய சிறு புட்டியில் போட்டு மறுநாள் தோல் மருத்துவரிடம் கொண்டுபோனோம். அவர் உருப்பெருக்கியில் பார்த்து உறுதிசெய்து, ஒரு மனிதரிடமிருந்து இன்னொருவருக்கு இது தொற்றாது, ஆனால் பெட்டியில் இருக்கும் துணி அத்தனையையும் கொதிநீரில் போட்டுத் தேய்த்துவிடுங்கள் என்றார். கைக்குழந்தையை அந்தத் துணிகளோடு ஒரே கட்டிலில் படுக்கவைத்திருந்தோம் என்பதை நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது.

ஆகவே வெளிநாட்டு வேலையிலிருந்து திரும்பிய யாருக்கும், குறைந்தது இரண்டு மாதத்துக்குள் தோலில் எது வந்தாலும், மருத்துவர் கேட்காவிட்டாலும் முதல் வாக்கியமாக நாட்டின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கட்டியின் நடுவில் துளை இருந்து தண்ணீர் கசிந்தால், உள்ளே அசைவு தெரிந்தால், அதையும் சொல்ல வேண்டும். பாதத்தில் கோடு போட்டதுபோல் வளைந்து வளைந்து நாளுக்கு நாள் நகரும் தடிப்பு இருந்தால் அது நாய், பூனைகளின் கொக்கிப்புழு. கடற்கரை மணலில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு வருவது, மாத்திரையிலேயே தீரும். ஒரே அறையில் பத்துப் பேர் படுக்கும் முகாமிலிருந்து வந்து, விரல் இடுக்கிலும் இடுப்பிலும் இரவில் அரிப்பு அதிகமானால் அது சொறி. அறையில் இருந்த அத்தனை பேரும் ஒரே நாளில் மருந்து பூசினால்தான் போகும். ஆற வேண்டிய காலம் கடந்தும் ஆறாமல் ஓரம் தடித்த புண், வளைகுடா நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு இருந்தால், மணல் ஈயால் பரவும் லீஷ்மேனியா நோயையும் மருத்துவர் எண்ணிப்பார்க்க வேண்டும். அதற்கு வீட்டு வைத்தியம் எதுவும் கிடையாது.

2019இல் இரண்டாம் முறை போனபோது குழுவோடு சில நிபந்தனைகள் பேசிக்கொண்டேன். நோயைச் சொன்ன நாளுக்குக் கூலி பிடிப்பதில்லை என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கினேன். மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் பயன் தந்தது. ஏழு பேரும் புறப்படுமுன் டி.டி. ஊசி போட்டுக்கொண்டோம். மண்தரையில் யாரும் படுப்பதில்லை. காவலுக்கு இருப்பவருக்குக் கட்டில் வண்டியோடு போகும். ஸ்பேர் பிட்டுகளும் ஹேமரும் எழுதிய அதே பட்டியலில் இஸ்திரிப் பெட்டி இரண்டு, வாசலின், ஸ்பிரிட், பிரிக்காத ஊசிகள், சாமணம், டைமெத்திகோன் என்று எழுதினேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் கால் கழுவித் துடைத்துவிட்டு, டார்ச் அடித்து ஒருவர் பாதத்தை இன்னொருவர் பார்ப்போம். தன் பாதத்தின் அடியைத் தானே பார்த்துக்கொள்வது கடினம். பார்த்தாலும் சோம்பலில் விட்டுவிடுவோம். ஆறாவது வாரம், இப்போது டிரில்லராகிவிட்ட அதே பையன், புதிதாக வந்த ஹெல்பரின் சுண்டுவிரல் ஓரத்தில் கடுகைவிடச் சிறிய செம்புள்ளி ஒன்றைக் கண்டுபிடித்தான். வீங்கக்கூட ஆரம்பிக்கவில்லை. எண்ணெயை இரண்டு சொட்டு விட்டுவிட்டு, தேதியையும் விரலையும் நோட்டில் எழுதி வைத்தான்.